காமாகுராக் கடற்கரையில் ஒரு பகல்

பிறநாடு சென்று பயிலும் மாணவர் இருவகையாகக் கல்வி பெறுகின்றனர். வகுப்பறையிற் பெறுவது ஒருவகை. வகுப்பில்லாத நாட்களில் ஊர் சுற்றியும், உடன் பயில்வோருடன் உண்டும் உரையாடியும் பெறுவது மற்றொரு வகை. முன்னதற்குப் பாடநூலும் பரீட்சையும் உண்டு. பின்னதற்கு அவை இல்லை. ஆயினும், தாயகம் திரும்பிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், படித்த பாடம் மங்கிப்போக, ஒருநாட் பயணத்திற் கண்டவை மங்காது நிற்பதைப் பலரிடத்துங் காணலாம். மாணவர் பரிமாற்றத் திட்டங்களை நடத்துவோர் இவ்வுண்மையை நன்கறிவர். ஆதலினாலேயே புதிய மாணவர் வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் அவர்களை அண்மையிலுள்ள ஓர் ஊருக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

யப்பானிய அரசாங்கம் பிறநாட்டு மாணவர்க்கான புலமைப்பரிசில் திட்டத்தை 1954ஆம் ஆண்டிற் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அன்று முதல் ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் மாணவர் அங்குச் சென்றுவருகின்றனர். பல்கலைக்கழகங்கள் தமக்குள்ளே செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி ஓராண்டோ அரையாண்டோ தங்கிப் பயில்வோரும் பலர். டோக்கியோவிலும் யோக்கோகாமாவிலும் பயிலும் இத்தகையோர் குழுவாகக் கூடிக் காலையிற் சென்று மாலையில் மீளும் இடங்களுள் முதன்மையானது காமாகுரா என்னும் கடலோர நகராகும். அந்நகரில் ஒரு பகற்பொழுதிற் காணத்தக்கவை எவை, அவை அயல்நாட்டு மாணவர்க்குக் கற்பிப்பது யாது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

காமாகுரா டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவில், சாகமி விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளது. மூன்று பக்கம் குன்றுகள், தெற்கே கடல். பண்டைக்காலத்தில் நகருக்குட் புகுவதற்குக் குன்றுகளைக் குடைந்து வெட்டிய ஏழு ஒடுங்கிய வழிகளே இருந்தன. ஒவ்வொரு வழியையும் ஒரு சிறு படை நின்று காக்கலாம். இயற்கை அமைத்துக் கொடுத்த இக்கோட்டையைக் கண்டே மினமோதோ யோரித்தோமோ என்னும் படைத்தலைவன் 1180ஆம் ஆண்டில் இதனைத் தன் இருப்பிடமாகக் கொண்டான். 1192ஆம் ஆண்டில் அவன் ஷோகன் என்னும் பட்டத்தைப் பெற்றான். பேரரசர் கியோத்தோவில் வீற்றிருக்க, ஆட்சியதிகாரம் காமாகுராவிலிருந்த வீரர் கைக்கு வந்தது. 1333ஆம் ஆண்டு வரை நிலைத்த அவ்வரசு வாளினால் எழுந்து வாளினால் வீழ்ந்த அரசாகும். இன்று மாணவர் காணும் விகாரைகளும் பூந்தோட்டங்களும் படைவீரரின் தலைநகரொன்றில் எழுந்தவை என்பதை நினைவிற் கொண்டே இந்நகரைப் பார்த்தல் வேண்டும்.

டோக்கியோவிலிருந்து யோக்கோசுக்காப் பாதையிற் செல்லும் புகையிரதம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இங்கு வந்து சேரும். யோக்கோசுக்காவிலிருந்த கடற்படைத் தளத்தைத் தலைநகரோடு இணைப்பதற்காக 1889ஆம் ஆண்டில் இடப்பட்ட பாதை அது. போர்க்கப்பல்களுக்கு வேண்டியவற்றைச் சுமந்த பாதை இன்று மாணவரையும் சுற்றுலாச் செல்வோரையும் சுமக்கின்றது. நகரின் நடுவிலுள்ள நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்னதாக, வடகாமாகுராவில் இறங்குவதே நன்று. இறங்கியதும் முதியதோர் மரச்சோலை தெரியும். அதுவே என்ககுஜி விகாரை. புகையிரதப் பாதை அதன் வளவை ஊடறுத்துச் செல்வதனால், விகாரையின் முன்குளம் பாதைக்கு ஒருபுறமும் வாயில் மறுபுறமுமாகக் கிடக்கின்றன.

என்ககுஜி 1282ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் வரலாறு கருதத்தக்கது. சீனத்தை வென்ற மொங்கோலியப் பேரரசர் குப்ளாய்கான் 1274ஆம் ஆண்டிலும் 1281ஆம் ஆண்டிலும் யப்பான்மீது பெரும்படை அனுப்பினார். இரு படையெடுப்புகளும் தோல்வியில் முடிந்தன. இரண்டாம் முறை வீசிய பெரும்புயல் எண்ணற்ற கப்பல்களைக் கடலில் ஆழ்த்தியது. வெற்றிபெற்ற ஆட்சியாளன் ஹோஜோ தோக்கிமுனே, மாண்டோரின் பொருட்டு இவ்விகாரையை எழுப்பினான். மாண்டோர் என்னுமிடத்து அவன் தன் வீரரை மட்டும் கருதினானல்லன். பகைவர் படையில் மாண்டோரையும் சேர்த்தே கருதினான். விகாரையின் முதல் தலைவராக அவன் அமர்த்தியவரும் சீனத்திலிருந்து வந்த வூசுவே சூயுவான் என்னும் துறவியே. மொங்கோலியரின் படையெழுச்சியைத் தம் நாட்டிற் கண்டவர் அவர். இருதரப்பாரையும் ஒருங்கே நினைந்து வழிபடும் இடமொன்று எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது.

இலங்கையருக்கு இவ்விகாரையோடு வேறுமொரு தொடர்பு உண்டு. புத்தரின் பல் என மரபு கூறும் தாதுவொன்று இங்குள்ள சாரிதென் என்னும் மண்டபத்திற் பேணப்படுகின்றது. கண்டித் தலதா மாளிகையை அறிந்த நம் நாட்டவர்க்கு இது வியப்பூட்டுவதாகும். அதனினும் நெருங்கிய தொடர்பு ஷாகு சோயென் என்னும் துறவியினால் ஏற்பட்டது. 1860ஆம் ஆண்டிற் பிறந்த அவர் என்ககுஜியிற் பயின்றவர். 1887ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்குப் புறப்பட்டார். காலிப் பகுதியிலிருந்த விகாரையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தங்கி, தேரவாதத் துறவியரின் ஒழுக்கத்தை மேற்கொண்டு, பாளி மொழியைக் கற்றார். கையிற் பணம் குறைவு, மொழி புதிது, வெப்பமோ அவருக்குப் பழக்கமில்லாதது. அரசாங்கமோ பல்கலைக்கழகமோ அனுப்பாத பரிமாற்ற மாணவர் ஒருவர் காமாகுராவிலிருந்து இலங்கைக்கு வந்தார் எனல் பொருந்தும். தாயகம் திரும்பிய அவர் 1892ஆம் ஆண்டில் என்ககுஜியின் தலைவரானார். அடுத்த ஆண்டு சிக்காக்கோ நகரிற் கூடிய உலகச் சமயப் பேரவையில் யப்பானின் சார்பிற் கலந்துகொண்டார். மேல்நாட்டார் சென் பௌத்தத்தை அறிவதற்கு அவரும் அவர் மாணாக்கரான சுசுக்கியும் வழிவகுத்தனர். அதே சோயென் 1904ஆம் ஆண்டில் உருசியாவுடன் போர் மூண்டபோது படையினருக்குச் சமயகுருவாகப் போர்முனைக்குச் சென்றார் என்பதையும் மறைத்தலாகாது. பிறநாட்டிற் கற்ற கல்வி தாய்நாட்டின் போர்முழக்கத்தின் முன் எவ்வளவு நிலைக்கும் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

என்ககுஜியிலிருந்து தெற்கு நோக்கி நடந்தால் கென்சோஜி விகாரையை அடையலாம். 1253ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இதன் முதல் தலைவரும் சீனத் துறவியே. வாயிலைக் கடந்ததும் நிற்கும் முறுகிய பழைய மரங்கள் அவர் சீனத்திலிருந்து கொணர்ந்த வித்துக்களில் முளைத்தவை என்பது மரபு. கென்சின் என்னும் காய்கறிச் சூப்பு இவ்விகாரையின் அடுக்களையிற் தோன்றியதென்பர். முள்ளங்கி, கரட், கிழங்கு வகைகள், சோயாக் கட்டி ஆகியவற்றை எண்ணெயில் வதக்கிக் கொதிக்கவைத்து ஆக்குவது அது. குழுவில் மரக்கறி உண்போரும் பன்றியிறைச்சி விலக்கியோரும் மாட்டிறைச்சி விலக்கியோரும் இருப்பராதலின், அனைவரும் ஒரே மேசையிலிருந்து உண்ணத்தக்க உணவு கிடைப்பது சிறிய பேறன்று. எனினும் கடைகளில் மீன்சாறு சேர்ப்பதும் உண்டு. கேட்டறிந்தே உண்ணல் வேண்டும். மீனுண்போர் சாகமி விரிகுடாவிற் பிடிக்கப்படும் நெத்தலிக் குஞ்சுகளை வெண்சோற்றின்மேற் பரப்பி உண்பர். மீன்வளம் குன்றாதிருத்தற் பொருட்டு ஆண்டின் முதலிரு மாதங்களிலும் அவற்றைப் பிடித்தல் விலக்கப்பட்டுள்ளது.

அடுத்துக் காணத்தக்கது நகரின் நடுவிலுள்ள சுருகாவோக்கா ஹச்சிமான் கோயில். வில்வீரரின் தெய்வமாகிய ஹச்சிமானுக்கு யோரித்தோமோ இவ்விடத்தில் அமைத்த கோயில் இது. கோயிலிலிருந்து நேர்கோடாகக் கடல்வரை ஓடும் வீதியை 1182ஆம் ஆண்டில், தன் மனைவியின் பிரசவம் நலமாக நிறைவேறவேண்டுமென வேண்டி அவன் அமைத்தான். வீதியின் நடுவில் உயர்த்திக் கட்டப்பட்ட நடைபாதை கோயிலை நெருங்க நெருங்க ஒடுங்குகின்றது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது உள்ளதினும் நீளமாகத் தோன்றும். கோயிற் படிகளின் அருகே பல நூற்றாண்டுகள் நின்ற கிங்கோ மரமொன்று 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வீசிய காற்றிற் சாய்ந்தது. எஞ்சிய வேரிலிருந்து தளிர்கள் எழுந்துள்ளன. அப்படிகளிலேயே 1219ஆம் ஆண்டில் மூன்றாவது ஷோகன் தன் உடன்பிறந்தான் மகனால் வெட்டுண்டு மாண்டான். யோரித்தோமோவின் நேர்வழி அத்துடன் அற்றது.

கோயிலைக் கண்டபின் எனோதென் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சிறு மின்சாரப் புகையிரதத்தில் ஏறுவது வழக்கம். 1902ஆம் ஆண்டிற் தொடங்கி 1910ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அதன் பாதையின் நீளம் 10 கிலோமீற்றர். ஒற்றைப் பாதையாதலின் எதிரெதிரே வரும் வண்டிகள் குறித்த சில இடங்களிலேயே ஒன்றையொன்று கடத்தல் கூடும். வீடுகளின் பின்வேலியை உரசுவதுபோற் சென்று, சிறிது தூரம் கடைத்தெருவின் நடுவே மோட்டார் வண்டிகளோடு ஓடி, பின் திடீரெனக் கடலைக் காட்டும் அப்பயணத்தை விரும்பாதார் இல்லை. வண்டியினுட் சத்தமிட்டுப் பேசுதல் அங்கு முறையன்று. பன்மொழி மாணவர் குழுவொன்று முதன்முதலிற் கற்கும் யப்பானிய ஒழுக்கம் அநேகமாக இவ்வண்டியிலேயே வாய்க்கின்றது.

ஹசே என்னும் நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் கோத்தோக்குயின் விகாரையில் அமர்ந்திருக்கும் பெரும் புத்தரைக் காணலாம். அமித புத்தரின் வெண்கலத் திருவுருவம் இது. பீடம் நீங்கலாக உயரம் 11 மீற்றருக்குச் சற்று மேல். நிறை ஏறக்குறைய 121 தொன். 1252ஆம் ஆண்டில் வார்ப்பு வேலை தொடங்கியது. இத்துணைப் பெரிய உருவை ஒரே முறையில் வார்த்தல் இயலாது. ஆதலின் அடியிலிருந்து தொடங்கி, ஓரடுக்கு வார்த்து அது ஆறியபின் அதன்மேல் அடுத்த அடுக்கை வார்த்து, மேலே செல்லச் செல்ல மண்ணைக் குவித்து உயர்த்தி வேலை செய்தனர். அடுக்குகள் பொருந்திய வரைகளை இன்றும் உடலிற் காணலாம். உள்ளே வெறுமையாதலின் சிறு கட்டணம் செலுத்தி உட்புகுந்து, அப்பொருத்துக்களை உட்புறத்திலும் பார்க்கலாம். அக்காலத்தில் உடல் முழுவதும் பொன் போர்த்திருந்தது. காதருகே அதன் சுவடு சிறிது எஞ்சியுள்ளது.

பெரும் புத்தர் இன்று திறந்த வானத்தின் கீழ் அமர்ந்திருக்கின்றார். தொடக்கத்தில் அவருக்குப் பெரிய மரமண்டபம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் புயல்களால் அது சிதைந்தது; 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலநடுக்கத்தின்பின் எழுந்த கடற்பேரலை எஞ்சியதையும் அழித்ததென்பது மரபுவழிச் செய்தி. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் உள்ளே இருக்கும் இடம் அது. 1923ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தில் பீடம் சிதைந்தது. 1925ஆம் ஆண்டில் அதனைத் திருத்தினர். 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளிற் செய்த வேலை நுட்பமானது. கழுத்தின் உட்புறத்தை இழையிட்ட பிளாஸ்ரிக்கினால் வலுப்படுத்தியதுடன், நிலம் அதிரும்போது உருவம் பீடத்தின்மேற் சிறிது வழுக்கி அசையுமாறும் அமைத்தனர். இறுகப் பிணித்தால் அதிர்ச்சி முழுவதும் உருவத்தைத் தாக்கும். அசைய இடமளித்தால் அதிர்ச்சி குறையும். பொறியியல் பயிலும் மாணவர் வகுப்பறையிற் கற்கும் விதியொன்றை இங்குக் கண்ணாற் காண்கின்றனர்.

விகாரையின் உட்சுவரில் 1.8 மீற்றர் நீளமுள்ள வைக்கோற் செருப்பொரு சோடி தொங்குகின்றது. இபராக்கி மாகாணத்தைச் சேர்ந்த ஊரொன்றின் சிறுவர்கள், பெரும் புத்தர் அவற்றை அணிந்து நாடெங்கும் நடந்து மக்களுக்கு நலஞ்செய்தல் வேண்டுமென விரும்பி, 1951ஆம் ஆண்டு முதல் அவற்றை முடைந்து காணிக்கையாக அளித்துவருகின்றனர். போரில் நொந்த நாட்டின் குழந்தைகள் வேண்டியது அது.

அதே 1951ஆம் ஆண்டோடு தொடர்புடைய மற்றொரு பொருளும் இவ்வளவில் உண்டு. இலங்கையர் பலர் எதிர்பாராது கண்டு நிற்பது அதுவே. 1991ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட நினைவுக்கல்லொன்றில் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. யப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்வதற்காக 1951ஆம் ஆண்டு செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய மாநாட்டில், இலங்கையின் நிதியமைச்சராயிருந்த அவர் செப்டெம்பர் 6ஆந் திகதி உரையாற்றினார். யப்பான் சுதந்திர நாடாக மீள வேண்டுமென வாதாடிய அவர், பகைமையைப் பற்றித் தம்மபதத்திலுள்ள போதனையை எடுத்துக்காட்டி, இலங்கை நட்டஈடு கேட்கமாட்டாது என அறிவித்தார். மறு ஆண்டில் இலங்கையும் யப்பானும் இராசதந்திர உறவு பூண்டன.

நட்டஈடு கேட்பதற்கு இலங்கைக்கு ஏது இருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. போர்த்தேவைக்காக இறப்பர் மரங்களை அவை பட்டுப்போகுமளவுக்குப் பால் வெட்டியதனாலும் நாடு நட்டமடைந்தது. இவற்றையெல்லாம் எடுத்துக்கூறிய பின்னரே கேளோம் என்றார் ஜயவர்த்தன. இழப்பை மறந்து கூறிய சொல் அன்று அது. எண்ணிப் பார்த்துக் கூறியது.

எனினும் இக்கல்லின் முன் நிற்கும் மாணவர் குழுவில் இலங்கையர் மட்டும் இருப்பதில்லை. சீனரும் கொரியரும் பிலிப்பைன்சு நாட்டவரும் இந்தோனேசியரும் பர்மியரும் இருப்பர். சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குச் சீனாவும் கொரியாவும் அழைக்கப்படவில்லை. பிலிப்பைன்சும் இந்தோனேசியாவும் பர்மாவும் பின்னர் தனித்தனி உடன்படிக்கைகளின்படி நட்டஈடு பெற்றன, பெற்றது முறையே. அந்நாடுகளில் யப்பானியப் படை பல்லாண்டு நிலைகொண்டிருந்தது. இலங்கைமீது குண்டுகள் வீழ்ந்தன; ஆயினும் படை கால்வைக்கவில்லை. சிறிது துன்புற்றவன் பகையை விடுதல் பெருமைக்குரியது. ஆனால் பெரிது துன்புற்றவனை நோக்கி நீயும் அவ்வாறே விடுக என்று கூற அவனுக்கு உரிமை இல்லை. பொறுத்தல் துன்புற்றவன் தானே கொடுக்கும் கொடை. பிறர் கேட்டுப் பெறும் கடன் அன்று. இலங்கை மாணவர் இக்கல்லின் முன் பெருமிதம் கொள்ளலாம். அருகில் நிற்கும் கொரிய மாணவரின் மௌனத்துக்கும் மதிப்பளித்தல் வேண்டும். ஒரு கல்லை இருவர் பார்க்க, ஒருவருக்கு அது நட்பின் சின்னமாகவும் மற்றவருக்குத் தீராத கணக்கை நினைவூட்டுவதாகவும் தோன்றுதல் இயல்பே. இதனை நேரிற் காண்பதற்காகவே மாணவர் பரிமாற்றம் ஏற்பட்டதெனினும் தவறாகாது.

வேறுமொன்றையும் சொல்லுதல் முறை. ஜயவர்த்தன 1978ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது நிறைவேற்றதிகாரச் சனாதிபதியானார். அவருடைய ஆட்சிக்காலத்திலேயே 1983ஆம் ஆண்டு யூலை வன்செயல்கள் தமிழ் மக்கள்மீது நிகழ்ந்தன. அதனைத் தொடர்ந்த போர் 2009ஆம் ஆண்டு வரை நீடித்தது. தொலைவிலுள்ள நாட்டின் பொருட்டு மேடையிற் கூறும் நல்லுரையைச் சொந்த முற்றத்திற் கைக்கொள்ளுதல் எவ்வளவு அரிதென்பதை அந்த ஆண்டுகள் காட்டின. காலையில் என்ககுஜியைக் கண்ட இலங்கை மாணவர், இருதரப்பிலும் மாண்டோர்க்கு ஒரே மணி ஒலிக்கும் இடமொன்று தம் நாட்டில் எங்குள்ளது என எண்ணாது இக்கல்லைக் கடந்து செல்லுதல் அரிது.

பெரும் புத்தரைக் கண்டு தெற்கே நடந்தால் யுயிகஹாமாக் கடற்கரை. மணல் கருமை கலந்தது. கோடையில் நீராடுவோர் நிறைவர். ஏனைய காலங்களில் அலைச் சறுக்கு விளையாடுவோர் உளர். கடல் நீராடல் உடல்நலத்துக்கு உகந்ததென்னும் மேல்நாட்டு மருத்துவக் கொள்கை யப்பானிற் பரவியபோது, 1887ஆம் ஆண்டில் இக்கரையிற் கடலோர நலவிடுதியொன்று திறக்கப்பட்டது. இரண்டாண்டுகளின்பின் புகையிரதமும் வரவே, அமைதியான மீன்பிடி ஊர் தலைநகரத்தார் விரும்பும் கடலோர ஊராயிற்று. நத்சுமே சோசெக்கி 1914ஆம் ஆண்டில் எழுதிய கொக்கோரோ என்னும் புகழ்பெற்ற நாவலில், மாணவனொருவன் தன் வாழ்வை மாற்றிய பெரியவரை முதன்முதலிற் சந்திப்பதும் காமாகுராக் கடற்கரையிலேயே.

வற்றுக்காலத்தில் கரையின் கிழக்குக் கோடியிலே கற்குவியலொன்று நீருக்கு மேல் தெரியும். அது வக்காயே தீவு எனப்படும். 1232ஆம் ஆண்டிற் கல்லிட்டுக் கட்டிய துறைமுகம் அது. யப்பானில் இன்று எஞ்சியுள்ள செயற்கைத் துறைமுகங்களுள் மிகப் பழையது. சீனத்துப் பீங்கானும் பிற பண்டங்களும் இங்கு வந்திறங்கின. இன்றும் பெருங்காற்றின்பின் கரையிற் தேடுவோர்க்குப் பச்சைநிறச் சீனப் பீங்கான் ஓடுகள் சில அகப்படுவதுண்டு. அவ்வோடுகளோடு வேறொன்றும் மணலினுட் கிடந்தது. 1953ஆம் ஆண்டிற் தொடங்கிய அகழ்வில், தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கரையருகே வெளிப்பட்டன. பலவற்றில் வெட்டுக்காயங்கள் இருந்தன. 1333ஆம் ஆண்டில் நகர் வீழ்ந்தபோது மாண்டோர் அவர்கள் எனக் கருதப்பட்டது. அன்று பகைப்படை, மேற்கேயுள்ள இனமுரகசாக்கி முனையைச் சுற்றிக் கடல் வற்றிய வேளையில் மணல்வழியாக நகருட் புகுந்ததென வரலாறு கூறும். மூன்று பக்கமும் குன்றுகள் காத்த நகரை நான்காம் பக்கமாகிய கடலே கைவிட்டது.

கடற்கரையில் மாணவர் கவனிக்கவேண்டியவை இரண்டு. மேலே வட்டமிடும் பருந்துகள் கையிலுள்ள உணவைப் பின்புறமிருந்து பாய்ந்து பறிக்கும். அறிவிப்புப் பலகைகள் அதனை எச்சரிக்கின்றன. மற்றையது, தெருக்கம்பங்களிற் பொறித்துள்ள எண்கள். அவ்விடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம் என்பதையும், பேரலை வருமாயின் எத்திசையில் ஓடவேண்டும் என்பதையும் அவை காட்டுகின்றன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த இலங்கை, இந்தோனேசிய மாணவர்க்கு அப்பலகைகளின் பொருளை ஒருவரும் விளக்கவேண்டியதில்லை.

கடலோரமாக மீண்டும் எனோதெனில் மேற்கே சென்றால் எனோசிமா நிலையம். கடலினுட் தீவும், வானம் தெளிந்திருப்பின் அதற்கப்பால் பூஜி மலையும் தெரியும். பெரும்பாலோர் தீவை நோக்கி நடப்பர். நிலையத்தின் அருகே தத்சுனோகுச்சி என்னும் இடமிருப்பதை அறிந்தோர் சிலரே. காமாகுரா அரசு குற்றவாளிகளைக் கொன்ற கொலைக்களம் அது. 1275ஆம் ஆண்டில் குப்ளாய்கான் அனுப்பிய தூதர் ஐவர் அங்கே தலை வெட்டப்பட்டனர். அவர்களுள் மொங்கோலியர் இருந்தார்; சீனர் இருந்தார்; கொரிய மொழிபெயர்ப்பாளரும் முஸ்லிம் ஒருவரும் உய்குர் இனத்தவரும் இருந்தனர். பல நாட்டிற் பிறந்து, பல மொழி பேசி, ஒரே ஓலையைச் சுமந்து வந்த அவர்களைக் கொல்லும்படி ஆணையிட்டவன், பின்னர் என்ககுஜியை எழுப்பிய அதே தோக்கிமுனேயே. ஐவரின் நினைவுத் தூபிகள் அருகிலுள்ள ஜோரியூஜி விகாரையில் இருக்கின்றன. அண்மைக்காலத்தில் யப்பானின் சூமோ மற்போரிற் பெரும்புகழ் ஈட்டிய மொங்கோலிய வீரர்கள் அங்குச் சென்று வணங்கியுள்ளனர்.

பரிமாற்ற மாணவர் குழுவின் இயல்பும் அவ்வைவரின் இயல்பை ஒத்ததே. அவர்களுக்குப் பொதுமொழி, சில மாதங்களாகக் கற்ற குறைத்தமிழ் போன்ற குறை யப்பானியமே. அம்மொழியில் வாதம் செய்தல் கடினம்; வழி கேட்டலும் உணவு பகிர்தலும் நன்றி கூறலும் எளிது. காலையில் நாட்டுக்கு நாடு பிரிந்து நடந்தவர், வழி தவறியும் வண்டியைத் தவறவிட்டும் காத்திருந்தும் மாலைக்குள் ஒரு குழுவாகின்றனர். வரலாற்றைப் பற்றிய கருத்து வேற்றுமைகள் அதனால் தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் இனி அவ்வேற்றுமை செய்தித்தாளிற் படித்த ஒரு நாட்டோடு அன்று, தன்னோடு சோறுண்ட ஒருவரோடு உள்ள வேற்றுமையாகும். அத்தகைய வேற்றுமையைப் பேசித் தீர்க்கலாம் என்னும் நம்பிக்கைக்கு இடமுண்டு.

ஒரே நகர், கடல் கடந்து வந்த தூதரை வாளினால் வரவேற்றது. அதே நகர், சில ஆண்டுகளுக்குள் பகைவரின் உயிருக்காக மணியடித்தது. அந்நகரிலிருந்தே ஓர் இளந்துறவி காலிக்குப் பாளி பயில வந்தார். மனிதர் மாறுதல் கூடும் என்பதற்கும், மாறாதிருத்தலும் கூடும் என்பதற்கும் காமாகுரா ஒருங்கே சான்றாகின்றது. அங்கு ஒரு பகல் தங்கி மீளும் மாணவர், படம் பிடித்த பெருமையோடு நின்றுவிடாது இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு தம் நாடு திரும்புவாராயின், அப்பயணத்துக்குச் செலவிட்ட பொழுது வீணாகாது.